அண்ணாவுக்குப் போகும் 700 பவுண்ட்ஸ்

கேள்வி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்து, லண்டனில் எம்எஸ்சி முடித்தேன். பிரிட்டிஷ் குடியுரிமை இருக்கிறது. ஒரு வருடமாக அலுவலக வேலையை விட்டுவிட்டு ஒன்லிஃபான்ஸில்தான், அதாவது சந்தா கட்டுபவர்களுக்கு அந்தரங்கப் படங்கள் காட்டும் இணையத் தளத்தில்தான், உழைக்கிறேன். கொக்குவிலில் இருக்கும் அண்ணாவுக்கு இது தெரிந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லாமல் இருக்க மாதம் 700 பவுண்ட்ஸ் அனுப்புகிறேன். மேல்மாடி கட்ட வேண்டும் என்று கேட்டதால் வங்கியில் 8,000 கடன் எடுத்தும் கொடுத்தேன். மிச்சத்தைச் சிநேகிதி சொல்லும் கிரிப்டோவில் போடலாமா?

பதில்: தங்கச்சி, வணிகம் படித்த உங்களுக்குச் சேமிப்பு பற்றி நான் வகுப்பெடுக்கத் தேவையில்லை. உங்கள் கணக்கில் ஒரேயொரு ஓட்டைதான் இருக்கிறது, அது அண்ணா.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய மாதக் கணக்கையே பார்ப்போம். சந்தாதாரர்கள் மாதம் 4,000 கட்டினால் தளம் 20 வீதத்தை எடுத்துக்கொள்ளும், உங்கள் கைக்கு 3,200. கமரா, லைட் செலவு 200, வாடகையும் சாப்பாடும் 1,500, அண்ணாவுக்கு 700, கடன் தவணை 270. மிச்சம் 530. இதைத்தான் கிரிப்டோவில் போடக் கேட்கிறீர்கள். ஆனால் வரி? வருட லாபம் 36,000 என்றால், 12,570க்கு மேலே உள்ள தொகைக்கு 20 வீத வரியும் 6 வீத தேசியக் காப்புறுதியும் சேர்த்துக் கிட்டத்தட்ட 6,090, மாதத்துக்கு 507. ஆக உங்களிடம் உண்மையில் மிஞ்சுவது 23 பவுண்ட்ஸ். அதோடு முதல் பில் வரும் ஜனவரி 31இல் அடுத்த வருடத்துக்கான பாதியையும் முன்கூட்டியே கேட்பார்கள், மொத்தம் 9,000ஐத் தாண்டும். அண்ணாவுக்கு ஒரு வருடத்தில் போனது 8,400. விளங்குகிறதா?

நம்ம யாழ்ப்பாணம் இப்போது கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது. இளம் பிள்ளைகள் இதையும் ஒரு தொழில் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பெரியவர்களுக்கோ படிப்புத்தான் தொண்டையில் சிக்கும் முள், படிக்காதவள் செய்தால் கஷ்டம் என்பார்கள், பட்டதாரி செய்தால் திமிர் என்பார்கள். குடும்ப மானம் போகிறது என்று சொல்லும் அண்ணா அந்தக் காசில் பதித்த டைல்ஸை மட்டும் கழற்றவில்லையே.

அவர் கேட்பது உதவி இல்லை, மிரட்டிப் பறிப்பது. இலங்கையிலும் பிரித்தானியாவிலும் அது குற்றம். அவருடைய வட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வையுங்கள். 700ஐ 500 ஆக்கிப் பேரம் பேச வேண்டாம், வாயை மூடக் கொடுக்கும் காசுக்குக் கடைசித் தவணை கிடையாது, அடுத்தது மருமகளின் சீதனமாக இருக்கும். இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். அம்மாவுக்குச் சொல்வதா இல்லையா என்பது உங்கள் முடிவு, ஆனால் அவர் வேறு வாயால் கேட்கப் போகிறார் என்றால் உங்கள் வாயால் முதலில் கேட்பது நல்லது. அம்மாவின் மருந்துச் செலவுக்கு ஏதும் கொடுக்க விரும்பினால் அவருடைய கணக்குக்கே நேராகப் போடுங்கள்.

அந்த 700 மீண்டால் முதலில் வரிக்கு ஒரு தனிக் கணக்கு, அப்புறம் கடன். மூன்று வருடத் தவணையில் 8,000க்கு 9,700 கட்டப் போகிறீர்கள், முன்கூட்டியே அடைத்தால் வட்டியில் ஒரு பங்காவது மிஞ்சும். அதற்குப் பிறகு ஆறு மாதச் செலவுக்கான காசு கையில் இருக்க வேண்டும். உங்கள் வருமானம் ஒரு தளத்தில் தொங்குகிறது: 2021 ஓகஸ்டில் வங்கிகளின் அழுத்தத்தால் அந்தத் தளமே ஆபாசப் படங்களைத் தடை செய்வதாக அறிவித்து, சில நாளிலேயே பின்வாங்கியது. அடுத்த முறை பின்வாங்கும் என்று யார் சொன்னது?

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தால் இங்கே இருந்து எந்தப் படமும் எடுத்துத் தளத்தில் போடாதீர்கள், இலங்கையில் 1927ஆம் ஆண்டின் ஆபாசப் பிரசுரச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. கிரிப்டோவா? 23 பவுண்ட்ஸுக்கு அந்தச் சிநேகிதியோடு போய்த் தோசை சாப்பிடுங்கள்.