கடல் கடந்த நாடுகளில் யொரூபா மொழியின் செல்வாக்கு மிகைப்படுத்திச் சொல்லப்படுகிறதா?

நைஜீரியாவின் தென்மேற்கில் பேசப்படும் யொரூபாவைக் கியூபாவிலும் பிரேசிலிலும் எவரும் வீட்டில் பேசுவதில்லை, பூசையில் பொருள் தெரியாமல் பாடுகிறார்கள், அவ்வளவுதான். இதை ஒரு மொழியின் செல்வாக்கு என்று எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் நடையைப் பார்த்தால் நீங்கள் மொழியியல் மாணவராக இருக்கலாம் என்று தோன்றுகிறது. நான் மொழியியல் கற்றவன் அல்லன். 1980 முதல் 1986 வரை நைஜீரியாவில் கணக்கு ஆசிரியராக இருந்தவன். எண்ணெய் வருமானத்தில் அந்நாடு ஊர்தோறும் பள்ளி திறந்துகொண்டிருந்த அந்நாளில், நம் பக்கத்திலிருந்து ஆசிரியர்கள் பலர் அங்கே சென்றோம். ஆகவே எனக்குத் தெரிந்த எண்களைக் கொண்டே விடை சொல்கிறேன். உங்கள் கேள்வியில் இருக்கும் அதே அலட்சியம் ஒரு காலத்தில் என்னிடமும் இருந்தது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தவறாக எண்ண வேண்டாம்.

எங்கள் பள்ளி இலேஷா நகருக்கு அருகில் இருந்தது. அன்று அது ஓயோ மாநிலம், இன்று ஒஷுன் மாநிலம். பள்ளி வளாகத்துக்குள் யொரூபா பேசினால் பத்து கோபோ அபராதம் என்பது விதி. வகுப்பாசிரியர் என்ற முறையில் அபராதக் குறிப்பேடு என் மேசையில் இருக்கும். பிள்ளைகள் ஆங்கிலத்தில் தேர வேண்டும் என்னும் நல்லெண்ணத்தோடுதான் அந்த விதி இருக்கிறது என்று நானும் நம்பினேன்.

ஒரு நாள் முதலாம் படிவத்தில் மனக்கணக்கு நடத்தினேன். அறுபதிலிருந்து பதினைந்து போனால் மீதி எவ்வளவு என்று கேட்டேன். ஒரு சிறுவன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு, பிறகே நாற்பத்தைந்து என்று ஆங்கிலத்தில் சொன்னான். விடை சரி. ஆனால் அவன் முதலில் முணுமுணுத்தது யொரூபா என்று வகுப்புத் தலைவன் எழுந்து முறையிட்டான். நான் குறிப்பேட்டை எடுத்து அவன் பெயரை எழுதினேன்.

அன்று மாலை பள்ளியின் மூத்த எழுத்தரிடம் அந்தப் பணத்தை ஒப்படைக்கப் போனபோது, அவன் சொன்ன சொல் என்ன என்று அவர் கேட்டார். எனக்குக் காதில் விழுந்தவரை சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மேசையில் கிடந்த நிலக்கடலையை இருபது இருபதாக மூன்று வரிசை வைத்துக் காட்டினார். யொரூபாவில் நாற்பத்தைந்துக்குப் பெயர் மாருண்டின்லாடோட்டா. அதைப் பிரித்தால் 'ஐந்து குறைந்த ஐம்பது' என்று வரும். ஐம்பதுக்கு உரிய ஆடோட்டா என்னும் சொல்லையும் பிரித்தால் 'பத்து குறைந்த மூன்று இருபது' என்று பொருள். அறுபதை எடுத்து, அதில் பத்தைக் கழித்து, இன்னும் ஐந்தைக் கழித்தால் கிடைப்பதே நாற்பத்தைந்து. நான் கேட்ட கணக்கின் முழுச் செய்முறையும் அந்தச் சிறுவன் முணுமுணுத்த ஒரே சொல்லுக்குள் இருந்தது. அதற்குத்தான் அவனிடம் நான் பத்து கோபோ வாங்கியிருந்தேன்.

உங்கள் மொழியில் எப்படி எண்ணுவீர்கள் என்று அவர் கேட்டபோது நான் ஒன்றிலிருந்து சொல்லிக்கொண்டே போனேன். ஒன்பதில் பத்தின் சாயல் இருப்பதும், தொண்ணூற்றில் நூறு இருப்பதும், தொள்ளாயிரத்தில் ஆயிரம் இருப்பதும், அதாவது வரப்போகிற பெரிய எண்ணை முன்கூட்டியே பார்த்து நாமும் பெயர் வைத்திருப்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்தாண்டுகளுக்கு மேல் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்குத் தன் தாய்மொழி எண்ணைப் பற்றி ஓர் அயல்நாட்டு எழுத்தர் கேட்ட பிறகே யோசனை வந்தது. (இதை வைத்துக்கொண்டு தமிழுக்கும் யொரூபாவுக்கும் உறவு உண்டு என்று யாரும் கீழே எழுத வேண்டாம். யொரூபா நைஜர்-காங்கோ குடும்பத்து மொழி. நான் சொல்வது எண்ணும் பழக்கத்தில் உள்ள ஒற்றுமையை மட்டுமே.)

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். யொரூபா மக்களின் ஓயோ பேரரசு பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிதைந்தபோது, அந்தப் போர்களில் பிடிபட்ட யொரூபா மக்கள் பெருந்திரளாக அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டனர். பெரும்பகுதியினர் பிரேசிலின் பாஹியாவுக்கும் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். 1821இல் பிடிபட்ட சிறுவன் ஒருவனை அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் கடற்படை மீட்டுச் சியாரா லியோனில் இறக்கியது. அவர்தான் பின்னாளில் யொரூபாவுக்கு அகராதியும் இலக்கணமும் எழுதிய பேராயர் சாமுவேல் அஜாயி கிரவுதர். மீட்கக் கப்பல் வராதவர்களின் மொழிதான் கியூபாவில் லுக்குமி என்றும் பிரேசிலில் நாகோ என்றும் பெயர் பெற்றது. கியூபாவில் 1886இலும் பிரேசிலில் 1888இலும்தான் அடிமை முறை ஒழிந்தது. அதுவரை தோட்டத்துக்குள் அடைபட்டு, குடும்பம் பிரிந்து, தெய்வத்தின் பெயரைக்கூடக் கத்தோலிக்கப் புனிதர்களின் பின்னே வைத்துக் காத்தவர்களிடம், வீட்டில் ஏன் பேசவில்லை என்று நாம் கேட்பது நியாயம்தானா என்று யோசித்துப் பாருங்கள்.

2011இல் மயாமியில் என் மகள் வீட்டில் சில மாதங்கள் இருந்தேன். அருகிலேயே ஹயலியா. சடங்குக்காக விலங்கு பலியிடுவதைத் தடை செய்த அந்நகரச் சட்டங்களை எதிர்த்து, யொரூபா தெய்வங்களை வணங்கும் லுக்குமி வழிபாட்டினர் நடத்திய வழக்கில், 1993இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்த ஆலயத்தின் பெயரில் இருப்பது பாபலு ஆயே; அம்மை நோய்க்கு உரிய யொரூபா தெய்வம். அந்தப் பகுதியில் மூலிகையும் மெழுகுவத்தியும் தெய்வ உருவங்களும் விற்கும் கியூபக் கடைகள் உண்டு. அப்படி ஒரு கடையில் மேசை மீது சோழிகள் பரப்பியிருந்ததைப் பார்த்து நின்றேன். கடைக்கார அம்மையார், குறி கேட்பதற்கு உரியவை என்று சொல்லி, அவற்றின் பெயர் டிலோகுன் என்றார். எத்தனை என்றேன். பதினாறு என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. யொரூபாவில் பதினாறு என்பது மெரிண்டின்லோகுன். மெரின் என்றால் நான்கு, டின் என்றால் குறைய, ஒகுன் என்றால் இருபது. 'இருபதில் நான்கு குறைந்தது.' கியூபாவில் முதலில் இருந்த நான்கு உதிர்ந்துபோய், 'இருபதில் குறைந்தது' மட்டும் சோழிக்குப் பெயராக நின்றுவிட்டது. எவ்வளவு குறைந்தது என்பது சொல்லில் இல்லை. ஆனால் கையில் எடுக்கும் சோழி இன்றும் சரியாகப் பதினாறுதான். இந்தச் சோழி ஒரு காலத்தில் மாலத்தீவிலிருந்து இலங்கை வழியாகவும் வங்காளம் வழியாகவும் ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவில் ஆட்களை விலைக்கு வாங்குவதற்கான பணமாக இறங்கியது. தங்களை விற்ற காசையே கடலுக்கு அப்பால் தங்கள் தெய்வத்தின் வாக்காக மாற்றிக்கொண்ட மக்கள் அவர்கள். இதைச் செல்வாக்கு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

பாடுபவர்களுக்குப் பொருள் தெரியவில்லை என்பது ஓரளவுக்கு உண்மையே. யொரூபா மூன்று தொனிகளால் பொருள் பிரியும் மொழி. ஒகுன் என்னும் ஒரே ஒலிக்கூட்டம் தொனிக்குத் தக்கபடி இருபது என்றாகும், போர் என்றாகும், இரும்புத் தெய்வமும் ஆகும். ஸ்பானிய நாவில் அந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. ஆனால் கியூபாவின் பட்டா முழவுகள் மூன்றில் பெரியதன் பெயர் இயா, யொரூபாவில் தாய். பாஹியாவின் தெருக்களில் தட்டைப்பயற்றை அரைத்துப் பனையெண்ணெயில் சுடும் அகராஜே, நான் இலேஷாச் சந்தையில் காலைதோறும் வாங்கித் தின்ற அகராவேதான். 1949இல் பாஹியாவின் தலைநகரான சால்வடோரின் துறைமுகத் தொழிலாளர்கள் நம் காந்தியின் பெயரால் தொடங்கிய 'காந்தியின் மைந்தர்கள்' என்னும் திருவிழாக் குழு இன்றும் வெள்ளைத் தலைப்பாகை கட்டி ஊர்வலம் போகிறது. அதன் தாளத்துக்கு இஜெஷா என்று பெயர். இலேஷாவைத் தலைநகராகக் கொண்ட மக்களின் பெயர் அது. காணொளியில் அதை முதன்முறை கேட்ட அன்று எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

ஒரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளியிலிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய இலே-இஃபேயில், கல்வியாளர் பாப்ஸ் ஃபஃபுன்வா தலைமையில் 1970இலேயே ஒரு திட்டம் தொடங்கியிருந்தார்கள். ஆறாண்டுத் தொடக்கக் கல்வி முழுவதையும் யொரூபாவில் கற்பித்துப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் மற்றப் பாடங்களில் முந்தி நின்றார்கள், ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. நான் அங்கிருந்த ஆறு ஆண்டுகளில் ஒருவரும் அதைப் பற்றி எங்களிடம் பேசவில்லை. ஆசிரியர் கூட்டங்களில் பேசப்பட்டதெல்லாம் அபராதத் தொகையை உயர்த்தலாமா என்பதுதான். கடல் கடந்து போனவர்கள் சவுக்கடிக்கு நடுவே காப்பாற்றியதை, ஊரில் இருந்த பிள்ளைகளிடமிருந்து நாங்கள் காசு வாங்கிக்கொண்டு பிடுங்கிக்கொண்டிருந்தோம். பள்ளியை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. பேனா என் கையில் இருந்தது.

அந்தக் கடைக்கார அம்மையாரிடம் மெரின் என்னும் விடுபட்ட பகுதியைச் சொன்னேன். ரசீதின் பின்பக்கம் ஸ்பானிய எழுத்துக் கூட்டலில் அதை எழுதிக்கொண்டார். பிறகு, எப்படி ஏறி இறங்கும் என்று கேட்டார். எழுத்தர் எனக்குக் கற்றுக்கொடுத்தபடி, சொல்லை விட்டுவிட்டுத் தொனியை மட்டும் முனகிக் காட்டினேன். அவர் சோழிகளை அள்ளிக் கையில் மூடிக்கொண்டு, கூடவே முனகிப் பார்த்தார். மூன்றாவது முறை சரியாக வந்தது.