பாடத்திட்டத்தில் கடல் எந்த வாரம் வரும்?

கேள்வி: தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வரும் ஜூன் செமஸ்டரில் 'கடலோரச் சூழலும் வாழ்வாதாரமும்' என்று மூன்று கிரெடிட்டுக்கு ஒரு விருப்பப் பாடம் தொடங்குகிறோம். ஐந்து யூனிட்டுக்கும் தலைப்புகள் எழுதிவிட்டேன். இது போதுமா, வேறு என்ன சேர்க்க வேண்டும்?
– வாசகி, கீழக்கரை

பதில்: போதாதும்மா. பாடத்திட்டக் குழுவின் ஒப்புதலுக்கு அந்த ஐந்து யூனிட் வேண்டும், சரி. ஆனால் முதல் நாள் மாணவர் கையில் நீங்கள் கொடுக்கிற தாளில் எந்த வாரம் என்ன நடக்கும், எதைப் படித்துவிட்டு வர வேண்டும், எதற்கு எத்தனை மார்க் என்பது எல்லாம் இருக்க வேண்டும்.

மூன்று கிரெடிட் என்றால் 45 மணி நேரம், யூனிட்டுக்கு ஒன்பது. உள்தேர்வு, விழா, ஐப்பசி கார்த்திகை மழை விடுமுறை எல்லாம் போக அந்த 45 முழுசாகக் கைக்கு வராது, அதனால் ஐந்தாவது யூனிட் கடைசி வாரத்தில் அவசர அவசரமாக முடிகிறது, சட்டமும் பாதுகாப்பும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். அதை முதல் யூனிட்டாக்குங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, அது முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகும் அதே வாரங்களில்தான் உங்கள் வகுப்பும் தொடங்கும். தடை எதற்கு, கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு ஏன் மீன் பிடிக்கக் கூடாது, 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் நாட்டுப்படகுக்காரருக்கு எதைக் கொடுத்தது என்று கேட்டால், வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டிலிருந்தே சொல்ல விஷயம் இருக்கும்.

களப்பயணத் தேதியையும் இப்போதே எழுதிவிடுங்கள், கடலைப் பார்த்து எழுதுங்கள். ஆடி ஆவணியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளிக்கும், அப்போது வடகடல், அதாவது பாக் விரிகுடா, அமைதியாக இருக்கும், அதனால் ஜூலையில் காரங்காடு அலையாத்திக் காட்டுக்கோ தொண்டிக்கோ கூட்டிப் போகலாம். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் வடகடல் பக்கம் அந்த வேலை நடக்காது. மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, நினைத்த நேரத்தில் இறங்க முடியாது, வனத்துறைக்கு அனுமதிக் கடிதம் எந்த வாரம் போக வேண்டும் என்பதும் உங்கள் திட்டத்தில் இருக்கட்டும். செலவு எவ்வளவு, யார் தருவது, வர முடியாத மாணவருக்கு என்ன மாற்று வேலை என்பதையும் எழுதுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் காசில்லாத பிள்ளைதான் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

பாடப்பொருளைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 'பல்லுயிர்ப் பாதுகாப்பு' என்று தலைப்பு மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள், கேள்வியாகவே எழுதுங்கள். 1986இல் 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், அந்தத் தீவுகளைச் சுற்றித்தான் பாம்பன் பக்கத்துப் பெண்கள் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைத்தார்கள். 2001இல் கடலடி உயிரினமான கடல் அட்டையை எடுக்கத் தடை வந்தபோது அட்டை எடுத்துப் பிழைத்தவர்களுக்குத் தொழில் போனது. மறுபக்கம், சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் நடந்தது, 21 தீவுகளில் இரண்டு மூழ்கியும் விட்டன. பாறையையும் காப்பாற்ற வேண்டும், பிழைப்பும் போகக் கூடாது என்றால் யார் எதை விட்டுக்கொடுப்பது? இந்த ஒரு கேள்விக்கு ஒன்பது மணி நேரம் முழுசாகக் கொடுத்தாலும் தகும். இதற்கு இடம் வேண்டுமென்றால் உலகக் கடல்களின் வகைப்பாட்டைத் தயங்காமல் குறையுங்கள், அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

மார்க் இல்லாததை மாணவர் படிக்க மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அகமதிப்பீடு 25 என்றால் பத்தைக் களக் குறிப்பேட்டுக்கு ஒதுக்குங்கள். ஏலக்கூடத்தில் என்ன மீன் என்ன விலைக்குப் போனது, வலை பின்னுகிறவர் என்ன சொன்னார் என்று அவர்களே எழுதட்டும், பேசியவரின் சம்மதம் இல்லாமல் பெயர் போடக் கூடாது என்ற விதியோடு. தாமதமாகக் கொடுத்தால் எவ்வளவு குறையும், செயற்கை நுண்ணறிவை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது, உங்களை எந்த நேரத்தில் வந்து பார்க்கலாம் – இதெல்லாம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். புத்தகப் பட்டியலில் நூலகத்தில் இருப்பதை மட்டும் போடுங்கள், தமிழில் கிடைப்பது முதலில் வரட்டும்.

கேள்வி: முதலாண்டு மாணவன். அப்பாவோடு அவ்வப்போது கடலுக்குப் போவேன். சிலபஸ் தாளில் நான் எதை முதலில் பார்க்கணும்?
– வாசகர், தொண்டி

பதில்: வருகைப்பதிவு, உள்தேர்வுத் தேதி, இந்த இரண்டும்தான் தம்பி. 75 சதவீத வருகை என்பது பல்கலைக்கழக விதி, ஆசிரியர் நினைத்தாலும் மாற்ற முடியாது, எத்தனை வகுப்பு விடலாம் என்று இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள். தேர்வைத் தவறவிட்டால் மறுவாய்ப்பு உண்டா என்று தாளில் இல்லையென்றால் முதல் வாரத்திலேயே கேளுங்கள், முடிந்தால் வகுப்புக்கு முன்னால் எல்லோர் சார்பிலும் கேளுங்கள், பதில் எல்லோருக்கும் பொதுவாகிவிடும்.