கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது இடையில் ரத்தம் படுகிறதே, ஏன்?

கேள்வி: எனக்கு 32 வயது. ஒரு குழந்தை இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து இன்னொன்று பெற்றுக்கொள்ள ஆசை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மாலா-என் மாத்திரையை ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறேன். மில்லில் ஷிஃப்ட் வேலை என்பதால் சில நாள் மறந்துவிடும். இரும்புச்சத்து மாத்திரைகளைத் தொடுவதில்லை. மாதவிடாய் வந்த ஐந்தாம் நாள் புது அட்டை தொடங்குகிறேன். இப்போது இரண்டு மாதமாக இடையிடையே லேசாகப் படுகிறது. கணவருடன் சேர்ந்த மறுநாள் கட்டாயம் படுகிறது. மெடிக்கலில் கேட்டு, ரத்தம் நிற்க மூன்று நாள் மாத்திரை போட்டேன். எடையும் இரண்டு கிலோ கூடிவிட்டது. இந்த மாத்திரையால் கர்ப்பப்பை கெட்டுப்போகும், பிறகு குழந்தையே தங்காது என்று யூடியூபில் சொல்கிறார்கள். உண்மையா டாக்டர்?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: பொய். மாத்திரை கர்ப்பப்பையைக் கெடுக்காது. நிறுத்திய ஒன்றிரண்டு மாதத்தில், மிஞ்சினால் மூன்று மாதத்தில், கருமுட்டை பழையபடி வெளிவரத் தொடங்கும். சாப்பிட்ட மாத்திரை உடம்பில் சேர்ந்து கிடப்பதில்லை. அப்படிச் சேர்ந்து கிடக்குமென்றால் தினமும் ஒன்று சாப்பிடச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே! மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியை நிறுத்திய பிறகு கரு தங்கச் சில மாதம் கூடுதலாகத் தாமதமாகலாம். அதையும் இதையும் குழப்பி வீடியோ போட்டுப் பெண்களின் வயிற்றைக் கலக்குகிறார்கள். சினைப்பையிலும் கர்ப்பப்பையின் உட்சுவரிலும் வரும் புற்றுநோய்கள் இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் குறைவாகவே வருகின்றன. அதைச் சொல்லும் வீடியோ மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை.

இரண்டு கிலோ எடையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதற்கும் மாத்திரைக்கும் பெரிய சம்பந்தமில்லை.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பப் படித்த வரி வேறு. கணவருடன் சேர்ந்த மறுநாள் கட்டாயம் படுகிறது என்கிறீர்களே, அது. மாத நடுவில் எப்போதாவது கறை படுவதற்கு மாத்திரையைக் காரணம் சொல்லலாம். உறவுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ரத்தம் வந்தால் அப்படிச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. மாத்திரை சாப்பிட்டாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி, கர்ப்பப்பை வாயைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து நல்ல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான். உங்கள் வயதில் பெரும்பாலும் தெரிவது, வாயைச் சுற்றிச் சிவந்த ஒரு திட்டு. உள்பக்கம் இருக்கும் மெல்லிய சவ்வு வெளியே படர்ந்திருக்கும். பஞ்சு பட்டாலே ரத்தம் கசியும். மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் அதைக் கொஞ்சம் கூட்டும். சீட்டில் 'கர்ப்பப்பை வாய்ப்புண்' என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம். அதைக் காட்டி, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். இந்தத் திட்டுக்காக, இன்னொரு குழந்தை வேண்டும் என்று காத்திருக்கும் பெண்ணின் கர்ப்பப்பையில் கத்தி வைப்பதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

சிலருக்குக் கிருமித்தொற்று இருக்கும். அப்போது கணவருக்கும் சேர்த்து மருந்து தேவைப்படலாம். சிலருக்குச் சின்னதாகச் சதை வளர்ந்திருக்கும். மிகச் சிலருக்கு அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயாகவோ அதன் முன்நிலையாகவோ இருக்கும். நான் இவ்வளவு வற்புறுத்துவது இந்தக் கடைசி ஒன்றுக்காகத்தான். நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகத்துக்கு அடுத்தபடியாக இருப்பது இது. எச்.பி.வி. வைரஸால் வருகிறது, புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பல வருடம் எடுத்துக்கொள்கிறது. முன்நிலையிலேயே பிடித்துவிட்டால் ஓ.பி.யிலேயே சிகிச்சை முடிந்துவிடும், குழந்தையும் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் நம் பெண்கள் 'உடம்புச் சூடு' என்று மோரையும் வெந்தயத்தையும் குடித்துக்கொண்டு, வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு, நோய் முற்றிய பிறகு வருகிறார்கள். அது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

30 வயது தாண்டியவர்களுக்கு, அசிட்டிக் அமிலம் தடவிக் கர்ப்பப்பை வாயைப் பார்க்கும் சோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே நடக்கிறது. உங்களுக்கு அறிகுறியே இருப்பதால் அதோடு நிற்காமல் மகளிர் மருத்துவரிடமும் காட்டுங்கள். கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை வழித்தெடுத்துச் சோதிக்கும் பாப் ஸ்மியர் எடுப்பார். போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து உறவு வேண்டாம், உள்ளே எந்த மருந்தும் வைக்க வேண்டாம். அடுத்த வார விடுமுறை நாளிலேயே போய்விடுங்கள்.

இனி, இடையிடையே படுவதற்கு வருகிறேன். மாலா-என் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் வெறும் 0.03 மில்லிகிராம். கர்ப்பப்பையின் உட்சவ்வு மெலிந்து இந்த அளவுக்குப் பழகும் வரை, அதாவது முதல் மூன்று மாதம், அங்கங்கே கசிவது சகஜம். நீங்களோ ஐந்தாம் மாதத்தில் இருக்கிறீர்கள். இப்போது பட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, விட்டுப்போன மாத்திரைகளை.

அட்டையில் 28 மாத்திரை இருக்கும். 21 ஹார்மோன், நிறம் வேறாக இருக்கும் ஏழு இரும்புச்சத்து. அந்த ஏழும் ரத்தச்சோகைக்கு மட்டும் கொடுப்பதில்லை; ஏழு நாள் முடிந்ததும் புது அட்டையைத் தொடங்க வைக்கத்தான் அவை இருக்கின்றன. மாதவிடாய் வந்த ஐந்தாம் நாள் என்ற கணக்கு முதல் அட்டைக்கு மட்டும்தான். ஒவ்வொரு மாதமும் அப்படியே செய்தால், மாதவிடாய் ஒரு நாள் தள்ளி வந்தாலும் ஹார்மோன் இல்லாத இடைவெளி எட்டு, ஒன்பது நாளாகிவிடும். அதற்குள் சினைப்பை விழித்துக்கொண்டு முட்டையை வளர்க்க ஆரம்பித்துவிடும். கரு தங்குவது இப்படித்தான். அதனால் நாளைக் காலையே ஒரு கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கிச் சிறுநீரில் பார்த்துவிடுங்கள். கரு இல்லை என்று வந்தாலும், ஹார்மோன் மாத்திரை ஏழு நாள் விடாமல் உள்ளே போகும் வரை ஆணுறை கட்டாயம்.

ஷிஃப்ட் மாறுவதால் மாத்திரை சில மணி நேரம் முன்பின் ஆனால் குடி முழுகிப்போகாது. ஒரு நாள் விட்டுவிட்டால் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொண்டு, அன்றைக்கு உரியதையும் வழக்கமான நேரத்தில் போடுங்கள். இரண்டு நாளோ அதற்கு மேலோ விட்டால் கடைசியாக விட்டதை மட்டும் உடனே போட்டு அட்டையைத் தொடருங்கள், ஏழு நாள் ஆணுறை வைத்துக்கொள்ளுங்கள். அது மூன்றாவது வாரமாக இருந்தால் இரும்பு மாத்திரைகளை விட்டுவிட்டு நேராகப் புது அட்டைக்குப் போய்விடலாம். அட்டை டிபன் பையிலேயே இருக்கட்டும்.

அப்புறம், அந்த மெடிக்கல் மாத்திரை. ரத்தம் நிற்க என்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் டிரானெக்சாமிக் ஆசிட், அதாவது உறைந்த ரத்தத்தைக் கரையவிடாத மருந்து. கருத்தடை மாத்திரையே ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகும் வாய்ப்பைச் சிறிதளவு கூட்டும்; இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். இனி ஒன்றுகூடப் போடாதீர்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இரண்டு மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். பி.பி.யும் பார்த்துக்கொள்ளுங்கள். 140/90-ஐ எட்டினால் இந்த மாத்திரையே உங்களுக்கு வேண்டாம். ஷிஃப்ட் வேலையில் தினமும் ஞாபகம் வைத்திருப்பது கஷ்டம் என்று தோன்றினால் காப்பர்-டி நல்ல வழி, அதை எடுத்ததும் கரு தங்கும் வாய்ப்பு உடனே திரும்பிவிடும். ஆனால் உறவுக்குப் பிறகு ஏன் ரத்தம் படுகிறது என்று தெரிந்த பிறகுதான் அதையும் போட முடியும்.