பெட்டியில் ஒரு பெயர், ஹார்ட் டிஸ்க்கில் வேறு பெயர்: ஏமாற்றிவிட்டார்களா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். எடை மேடை, கல்லா, வாசல் எல்லாம் தெரிகிற மாதிரி 4 கேமராவும், அவற்றின் காட்சியைப் பதிவு செய்கிற டி.வி.ஆர். பெட்டியும் மாட்டினோம். டெக்னீஷியன் மூடியைக் கழற்றியபோது பார்த்தால், உள்ளே ஹார்ட் டிஸ்க்கில் தோஷிபா என்று போட்டிருக்கிறது. பெட்டி வேறு கம்பெனி. லேப்டாப் கம்பெனிப் பொருள் இதற்குள் எப்படி வந்தது? பழைய கம்ப்யூட்டரில் கழற்றியதை மாட்டிவிட்டார்களோ?

பதில்: பெயர் வேறாக இருப்பதால் மட்டும் சந்தேகப்பட வேண்டாம். உலகத்தில் இன்று ஹார்ட் டிஸ்க் செய்வது சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்றே கம்பெனிகள். டி.வி.ஆர். பெட்டி யாருடையதானாலும் டிஸ்க் இவர்களிடமிருந்துதான் வரவேண்டும்.

கம்ப்யூட்டர்காரர்கள் ஏன் அடுத்தவர் பெட்டிக்குப் பாகம் தருகிறார்கள்? டிஸ்க், சிப், திரை செய்கிற தொழிற்சாலைக்குப் போட்ட முதல் மிகப் பெரியது. சொந்த லேப்டாப்புக்கு மட்டும் செய்தால் அது கட்டுப்படியாகாது. எண்ணிக்கை கூடக் கூட ஒன்றின் அடக்கவிலை இறங்கும். பெட்டி விற்பதில் டீலர், சர்வீஸ், விளம்பரம் என்று செலவு நீளும். பாகத்தை மொத்தமாகக் கொடுத்தால் அதெல்லாம் வாங்குகிறவர் பாடு. அதனால் போட்டிக் கம்பெனிக்குக்கூடக் கொடுப்பார்கள். சோனியின் பல ஓ.எல்.இ.டி. டி.வி.க்களுக்குத் திரைப் பேனல் தருவது எல்ஜி குழுமத்து எல்ஜி டிஸ்ப்ளே. டி.வி.யும் லேப்டாப்பும் விற்கிற அதே எல்ஜிதான். தோஷிபா கதை இன்னும் தெளிவானது. லேப்டாப் தொழிலில் பெரும்பங்கை 2018-ல் ஷார்ப்புக்கு விற்று, மிச்சத்தையும் 2020-ல் கொடுத்துவிட்டது. டிஸ்க் தொழிலை மட்டும் விடவில்லை.

சரி, நீங்கள் பார்க்க வேண்டியது டிஸ்க்கின் ரகத்தை. சீகேட்டில் ஸ்கைஹாக், வெஸ்டர்ன் டிஜிட்டலில் பர்பிள், தோஷிபாவில் எஸ்300 என்று கேமரா பதிவுக்கென்றே தனி ரகம் உண்டு. இவை இரவு பகல் நிற்காமல், ஆண்டுக்கு 8,760 மணி நேரமும் ஓடச் செய்தவை. சாதாரண கம்ப்யூட்டர் டிஸ்க்குகளில் சில ஆண்டுக்கு 2,400 மணி நேரக் கணக்கில் செய்தவை. நாளுக்குச் சுமார் ஆறரை மணி நேரம்தான் வரும். அதை மண்டியில் 24 மணி நேரமும் ஓடவிட்டால் சீக்கிரம் படுத்துவிடும். லாரி லோடு எடையில் தகராறு வருகிற அன்றைக்குப் பார்த்துப் பதிவு இருக்காது. விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் இந்த இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கொள்ளளவும் முக்கியம். கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் வீதம் 4 கேமராவும் விடாமல் பதிவானால் ஒரு நாளைக்குச் சுமார் 86 ஜிபி ஆகும். 1 டிபி (1,000 ஜிபி) டிஸ்க்கில் பதினொரு நாள் பதிவுதான் நிற்கும். அப்புறம் பழையதன் மேல் எழுதும். ஒரு மாதப் பதிவு வேண்டுமானால் 3 டிபிக்குக் குறையாமல் போடுங்கள்.

பழைய டிஸ்க்கா என்ற உங்கள் பயத்துக்கு வழி இருக்கிறது. ஸ்டிக்கரில் தயாரிப்புத் தேதியும் சீரியல் எண்ணும் இருக்கும். அந்த எண்ணை டிஸ்க் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு வாரண்டி எதுவரை என்று பாருங்கள். டி.வி.ஆருக்கும் டிஸ்க்குக்கும் வாரண்டி தனித்தனி என்பதால், சீரியல் எண் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். பழையதைப் புதிது என்று விற்றது உறுதியானால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.