ஓடிட்டு இருக்கும்போதே ஆஃப் ஆகுற கார்: கேள்வி பதில்

கேள்வி: சார், என்னோடது 2014 மாடல் பெட்ரோல் கார், மேனுவல் கியர். காலையில ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆயிடும், டவுனுக்குள்ள ஒரு தொந்தரவும் இல்ல. திண்டுக்கல் போகலாம்னு கிளம்பினா ஒட்டன்சத்திரம் தாண்டுறதுக்குள்ள ஓடிட்டு இருக்கும்போதே பொசுக்குன்னு ஆஃப் ஆயிடுது. செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா இன்ஜின் பிடிக்கல. அரை மணி நேரம் ஓரங்கட்டி டீ குடிச்சிட்டு வந்தா எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. டெம்பரேச்சர் முள்ளு நடுவுலயேதான் இருக்கு. பிளக், ஃபில்டர், பெட்ரோல் பம்ப் எல்லாம் மாத்தியாச்சு. இப்ப ஈசியூ (இன்ஜினை கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) மாத்தணுங்கறாங்க. மாத்தலாமா?
- வாசகர், தாராபுரம்

பதில்: ஈசியூவ இப்போதைக்கு தொட விடாதீங்க சார். நீங்க டீ குடிக்கப் போறீங்களே, அந்த அரை மணி நேரத்துலதான் பழுது வெளிய தெரியும். ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி வர்றப்போ எல்லாம் நல்லாத்தான் இருக்கு, மெக்கானிக் என்னத்த கண்டுபிடிப்பாரு, ஒவ்வொண்ணா மாத்திப் பாக்கறாரு, உங்க காசுல.

நீங்க எழுதுனதுல எனக்கு முக்கியமா பட்டது "பொசுக்குன்னு"ங்கற வார்த்தைதான். பெட்ரோல் பத்தாம நிக்கிற வண்டி பெரும்பாலும் திணறும், இழுவை குறையும், ஆக்சிலரேட்டர் மிதிச்சா உதறும், அப்புறம்தான் நிக்கும். சுவிட்ச் ஆஃப் பண்ண மாதிரி நின்னா கரண்ட் பக்கம் பாருங்க. அதுலயும் இப்ப வர்ற பல வண்டிகள்ல ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்பார்க் குடுக்க தனித்தனி காயில் இருக்கறதால ஒரு காயில் போனா மிஸ்ஸிங் வரும், மொத்தமா நிக்காது. எல்லாத்தையும் ஒரே நேரத்துல நிறுத்தற பொருள்னு பாத்தா கிராங்க் சென்சார், இல்லன்னா ஈசியூவுக்கு கரண்ட் குடுக்கற மெயின் ரிலே, இந்த ரெண்டுல ஒண்ணாதான் இருக்கும்னு தோணுது, என்னோட முதல் சந்தேகம் சென்சார் மேலதான்.

கிராங்க் சென்சார்தான் இன்ஜின் சுத்துதா, எந்த இடத்துல இருக்குன்னு ஈசியூவுக்கு சொல்லுது. பல சென்சார்ல உள்ள முடி மாதிரி மெல்லிசான செம்புக் கம்பி சுத்தியிருப்பாங்க, அதுல எங்கயாவது விரிசல் விட்டுட்டா சூட்டுல விரிஞ்சு கனெக்‌ஷன் விட்டுப்போகும், ஆறுனதும் மறுபடி ஒட்டிக்கும். சிக்னல் வரலன்னா ஈசியூ இன்ஜின் நின்னுடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு ஸ்பார்க், இன்ஜெக்டர், பம்ப் மூணையும் சேத்து நிறுத்திடும். "பெட்ரோலே வரல சார்"னு உங்க பம்ப மாத்துனதுக்கும் இதான் காரணமா இருக்கலாம், பம்ப் மேல தப்பே இருந்திருக்காது.

அடுத்த தடவ நின்னா முதல்ல ஹசார்ட் லைட் போட்டு ஓரம் கட்டுங்க, இன்ஜின் இல்லாதப்ப பிரேக் ஒண்ணு ரெண்டு மிதிக்குதான் லேசா இருக்கும், அப்புறம் கல்லு மாதிரி ஆயிடும், அதனால பம்ப் பண்ணாம ஒரே மிதியா மிதிங்க. நிக்கிற அந்த நொடியில ஆர்பிஎம் முள்ளையும் ஒரு பார்வை பாத்துக்கங்க, கியர்ல உருண்டுட்டு இருக்கறப்போ சக்கரம் இன்ஜினை சுத்திக்கிட்டேதான் இருக்கும், அப்பவும் முள்ளு டக்குன்னு பூஜ்யத்துக்கு விழுந்தா சிக்னல் போச்சுன்னு அர்த்தம். ஒரு சின்ன புளூடூத் ஸ்கேனர் வாங்கி ஸ்டீயரிங்குக்கு கீழ இருக்கற போர்ட்ல சொருகிட்டா இன்னும் நல்லது, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் 0-ன்னு காட்டுதா பாருங்க. பி0335-ன்னு பழுதுக் கோட் வந்தா கிராங்க் சென்சார் சர்க்யூட்தான். ஆனா கோட் வராமலும் போகலாம், அத வெச்சு சென்சார் நல்லாருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க.

பழைய மெக்கானிக்குங்க செய்யற ஒரு வேலை இருக்கு, நின்ன உடனே சென்சார் மேல மட்டும் ஈரத்துணி வெச்சு ஆற வெச்சா ரெண்டு நிமிஷத்துல ஸ்டார்ட் ஆகுதான்னு பாப்பாங்க, ஆச்சுன்னா அப்புறம் சந்தேகமே இல்ல. (இன்ஜின் மேல தண்ணிய ஊத்திடாதீங்க.) ரெண்டு ஒயர் சென்சாரா இருந்தா கழட்டி மல்டிமீட்டர் மாட்டி ஹேர் டிரையர்ல சூடு பண்ணிப் பாக்கலாம், ஓம்ஸ் திடீர்னு ஓப்பனாச்சுன்னா, அதாவது உள்ள கனெக்ஷன் விட்டுப்போச்சுன்னு மீட்டர் காட்டுனா, சென்சார்தான் கோளாறு. மூணு ஒயர்னா இந்த டெஸ்ட் சரிவராது. மாத்தும்போது கம்பெனி பார்ட்டே வாங்குங்க, ஒயர் சாக்கெட்டையும் பாக்கச் சொல்லுங்க.

கேள்வி: என் பழைய பெட்ரோல் கார் ரோட்ல சூப்பரா ஓடுது, சூடானப்புறம் சிக்னல்ல நின்னா மட்டும், அதுவும் ஏசி போட்டிருந்தா, ஆஃப் ஆயிடுது. உடனே திரும்ப ஸ்டார்ட்டும் ஆயிடுது. இதுவும் சென்சாரா?
- வாசகி, மதுரை

பதில்: இல்லம்மா, இது வேற. உடனே ஸ்டார்ட் ஆகுதுல்ல, அங்கயே தெரிஞ்சுபோச்சு. இன்ஜினுக்கு காத்து போற வழியில இருக்கற த்ராட்டில் பாடியில கார்பன் படிஞ்சிருக்கும், இல்லன்னா ஆக்சிலரேட்டர் மிதிக்காதப்ப (ஐடிலிங்ல) காத்த அளந்து விடற ஐடில் கன்ட்ரோல் வால்வு ஒட்டிக்கிட்டிருக்கும். குளிர்ந்த இன்ஜினுக்கு ஈசியூவே ஆர்பிஎம் கூட்டி வெக்கறதால காலையில தெரியாது, சூடாகி ஐடிலிங் எறங்குனதும் காத்து பத்தாம மூச்சு விட்டுடும். ஏசி போட்டா ஆர்பிஎம் ஒரு செகண்ட் தடுமாறி நிமிரணும், நிமிராம எறங்கிட்டே போனா இதேதான். கிளீனர் ஸ்ப்ரே போட்டு தொடைக்கச் சொல்லுங்க, வேக்கம் ஹோஸ் எங்கயாவது வெடிச்சிருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க. தொடைச்சப்புறம் ரெண்டு நாள் ஐடிலிங் முன்னபின்ன இருந்தா பயப்படாதீங்க, பல வண்டில ஈசியூ புதுசா கத்துக்கணும்.