வாலடியில் வெள்ளரி விதை: செல்லப்பிராணி கேள்வி பதில்

கேள்வி: எங்கள் நாட்டு நாய்க்கு மூன்று வயது, எடை 14 கிலோ. வாலுக்கு அடியில் வெள்ளரி விதை மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. படுத்து எழுந்த சாக்கிலும் காய்ந்த அரிசி போலக் கிடக்கிறது. போன மாதம்தான் ஃபென்பெண்டசோல் மாத்திரை மூன்று நாள் கொடுத்தோம். கேட்கவில்லையே?
வாசகி, ஈரோடு

பதில்: கேட்காது. நீங்கள் பார்த்தது நாடாப்புழுவின் துண்டுகள். புதிதாக விழுந்ததை ஈரப் பஞ்சில் எடுத்துப் பாருங்கள், சுருங்கி விரிந்து நகரும். ஃபென்பெண்டசோல் உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு மூன்றையும் கொல்லும். தெள்ளுப்பூச்சி வழியாக வரும் இந்த நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. இதற்குத் தேவை பிரசிக்வான்டெல், கிலோவுக்கு 5 மி.கி. உங்கள் நாய்க்கு 70 மி.கி. ஒரு மாத்திரையில் 50 மி.கி. இருக்கும் கூட்டு மருந்து என்றால் ஒன்றரை மாத்திரை. வாங்கும்போது அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ‘பூச்சி மாத்திரை’ என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கைக்கு வந்ததைக் கொடுப்பார்.

மருந்துக்குப் பிறகு புழு முழுசாக வெளியே வராது, குடலிலேயே செரித்துவிடும். புழு விழவில்லையே என்று இன்னொரு மாத்திரை கொடுக்க வேண்டாம்.

தெள்ளுப்பூச்சி இருக்கும்வரை இது திரும்ப வரும். நாய் உடம்பை நக்கும்போதும் கடிக்கும்போதும் பூச்சியை விழுங்குகிறது. மூன்றே வாரத்தில் மறுபடி துண்டுகள் விழும். வால் தொடங்கும் இடத்து முடியைச் சீப்பால் வாரி, விழும் கரும்பொடியை நனைத்த வெள்ளைத் துணியில் தட்டுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். நாய்க்குத் தெள்ளுப்பூச்சி மருந்து போடுங்கள், படுக்கைத் துணியை வெந்நீரில் துவையுங்கள். வீட்டில் பூனை இருந்தால் அதற்கும் மருந்து வேண்டும், ஆனால் பூனைக்கென்று உள்ளதாக. நாய்க்கான தெள்ளுப்பூச்சி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

கேள்வி: ஐந்து வார நாய்க்குட்டி. வயிறு பானை மாதிரி இருக்கிறது, நேற்று சேமியா போல நீளமாக வாந்தி எடுத்தது. மனிதர்களுக்கான பூச்சி மாத்திரை அல்பெண்டசோல் கொடுக்கலாமா? பூண்டு?
வாசகர், நாமக்கல்

பதில்: இரண்டும் வேண்டாம். அல்பெண்டசோல் நாயின் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடும். பூண்டு சிவப்பணுக்களை உடைக்கும். சேமியா போல வந்தது உருண்டைப்புழு. தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றிவிடும், அதனால்தான் 2, 4, 6, 8 வாரங்களில் மருந்து, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. தாய்க்கும் சேர்த்துக் கொடுங்கள். குட்டிகளுக்கான பைரன்டெல்–ஃபெபன்டெல் சிரப் பெரும்பாலும் கிலோவுக்கு 1 மி.லி.; பாட்டிலில் உள்ள அளவைச் சரிபாருங்கள். மருந்து அடியில் படியும், குலுக்காமல் ஊற்றினால் முதல் குட்டிக்கு வெறும் தண்ணீர்தான் போகும். குட்டியைச் சமையல் தராசில் நிறுத்து அளவெடுங்கள், கண்மதிப்பு வேண்டாம். ஓரிரு நாள் மலத்தில் புழு விழுவது நல்லதே.

ஈறு வெளுத்து, மலம் தார் போலக் கறுத்திருந்தால் கொக்கிப்புழு ரத்தம் குடிக்கிறது. அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இரவு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் குட்டி தாங்காது.

கேள்வி: நாயின் புழு குழந்தைகளுக்குத் தொற்றுமா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: தொற்றும். உருண்டைப்புழு முட்டை மண்ணில் இரண்டு வாரமாவது கிடந்தால்தான் தொற்றும் நிலைக்கு வரும், ஆகவே மலத்தை அன்றன்றே அள்ளுங்கள். கொக்கிப்புழுவின் லார்வா (இளம்புழு) ஈர மணலில் ஒரு வாரத்துக்குள் தயாராகிவிடும், வெறுங்காலில் தோல் வழியே நுழையும். குழந்தைகளுக்குச் செருப்பு போட்டுவிடுங்கள்.