கிரெடிட் கார்டு ஆஃபர், வட்டி, லிமிட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மேடம், எனக்கு ரெண்டு பேங்க்ல இருந்து கார்டு ஆஃபர் வந்திருக்கு. முதல் கார்டுக்கு வருஷக் கட்டணம் கிடையாது, ரிவார்டு பாயின்ட் நல்லா இருக்கு, வட்டி மாசம் 3%. அடுத்த கார்டுல கட்டணமும் உண்டு, பாயின்ட்டும் கம்மி, ஆனா வட்டி மாசம் 2%தான். எதை வாங்கலாம்?

பதில்: முக்கியமான ஒரு விஷயத்தை நீங்க எழுதாம விட்டுட்டீங்க. மாசாமாசம் பில்லை முழுசா கட்டற ஆளா நீங்க, இல்ல கொஞ்சம் நிறுத்தி வச்சு கட்டற ஆளா? அது தெரியாம எந்தக் கார்டு நல்லதுன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. முழுசா கட்டறவங்களுக்கு வட்டி எவ்வளவா இருந்தாலும் கவலையில்ல, பொருள் வாங்கறதுக்கு வட்டியே விழாது, அதனால கட்டணம் இல்லாத முதல் கார்டை தாராளமா எடுத்துக்கலாம். பாக்கி வைக்கற பழக்கம் இருந்தா பாயின்ட் பக்கமே திரும்பாதீங்க, வட்டி கம்மியான ரெண்டாவது கார்டைப் பாருங்க. 10,000க்கு வாங்கினா 1% கணக்குல 100 திரும்ப வரும், அதே 10,000 ஒரே ஒரு மாசம் பாக்கி நின்னா வட்டி 300 போயிடும், மூணு தடவை சேர்த்த பாயின்ட் ஒரே மாசத்துல காலி.

இன்னொண்ணும் கவனிங்க. 3%ன்னு கேட்டா சின்னதா தெரியுது, வருஷத்துக்குப் பாத்தா 36%, வட்டி மேல வட்டி ஏறினா 42%க்கு மேல போயிடும். 2% கார்டும் அப்படியே 27% கிட்ட வந்து நிக்கும். ஒரு பேங்க் மாசக் கணக்கு சொல்லும் இன்னொண்ணு வருஷக் கணக்கு சொல்லும், ரெண்டையும் ஒரே கணக்குக்கு மாத்திட்டுத்தான் கம்பேர் பண்ணணும். "இத்தனை பர்சன்ட்ல இருந்து ஆரம்பம்"னு போட்டிருந்தா அந்தக் குறைஞ்ச ரேட் கிரெடிட் ஸ்கோர் (கடனை எப்படிக் கையாளறீங்கன்னு பாத்துப் போடற மார்க்) ரொம்ப நல்லா இருக்கறவங்களுக்குத்தான், உங்களுக்கு என்ன ரேட்னு எழுத்துல வாங்கிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

கேள்வி: 20,000 பில் வந்துச்சு, கையில இருந்த 19,000ஐ கடைசி தேதிக்குள்ள கட்டிட்டேன். பாக்கி 1,000தானே, ஆனா அடுத்த பில்லுல 996 வட்டி போட்டிருக்காங்க! தப்பா போட்டுட்டாங்களா?

பதில்: பதறாதீங்க சகோதரி, தப்பா போட்ட மாதிரி தெரியல, ஆனா உங்க கோபம் நியாயமானது, இந்த விதி நிறைய பேருக்கு தெரியறதே இல்ல. வட்டியில்லா நாட்கள்னு சொல்றாங்களே, அது பில்லை முழுசா கட்டினா மட்டும் கிடைக்கற சலுகை. கொஞ்சம் குறைஞ்சாலும் பல கார்டுல அந்தச் சலுகை மொத்தமா போயிடும், வட்டி பாக்கி 1,000க்கு மட்டும் போட மாட்டாங்க, பொருள் வாங்கின நாள்ல இருந்து மொத்த 20,000க்கும் போடுவாங்க. நீங்க பில்லிங் மாசத்தோட முதல் நாளே வாங்கியிருப்பீங்கன்னு நினைக்கறேன், பில் வர 30 நாள், கட்ட 20 நாள், ஆக 50 நாள். வருஷம் 36%ன்னா 20,000க்கு 50 நாள் வட்டி 986, மிச்ச 1,000க்கு அடுத்த பில் வர்ற வரைக்கும் 10 நாள் வட்டி ஒரு 10, கூட்டிப் பாருங்க 996 சரியா வரும்.

இதைவிட எனக்கு கவலை என்னன்னா, இப்ப நீங்க புதுசா எது வாங்கினாலும் அதுக்கும் வாங்கின நாள்ல இருந்தே வட்டி ஓடிட்டிருக்கும். அதனால பாக்கி தீர்ற வரைக்கும் அந்தக் கார்டை எடுக்கவே எடுக்காதீங்க. கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி இதுவரைக்கும் ஒழுங்கா கட்டியிருக்கேன், இந்த ஒரு தடவை வட்டியை திரும்பக் குடுங்கன்னு கேளுங்க, பழைய கஸ்டமருக்கு செய்யறது உண்டு, கேட்டா ஒண்ணும் குறைஞ்சிடப் போறதில்ல. அப்புறம் ஆட்டோ டெபிட் போட்டு வைங்க, அதுல "மொத்த பாக்கி", "மினிமம் பாக்கி"ன்னு ரெண்டு ஆப்ஷன் இருக்கும், மொத்த பாக்கியைத்தான் டிக் பண்ணணும். மினிமம், அதாவது குறைஞ்சபட்சம் கட்டியே ஆக வேண்டிய தொகை, அதை மட்டும் கட்டினா லேட் ஃபீஸ் வராது, அவ்வளவுதான். 10,000 பாக்கிக்கு மாச வட்டி 300 சேர்ந்து 10,300 ஆகும், அதுல 5% மினிமம்னா 515, நீங்க 515 கட்டினா அசல்ல குறையறது வெறும் 215.

கேள்வி: வேற பேங்க் 6 மாசத்துக்கு 0% வட்டின்னு என் கார்டு கடனை மாத்திக்கச் சொல்றாங்க. நம்பலாமா?

பதில்: 6 மாசத்துல அடைச்சிடுவீங்கன்னா நல்ல வழிதான். 0%ன்னாலும் மாத்தறதுக்குன்னு ஒரு ஃபீஸ் வாங்குவாங்க, அது 3%ன்னு வச்சுக்குவோம், மாசாமாசம் சமமா கட்டிட்டு வந்தா வருஷக் கணக்குல சுமார் 10% வட்டிக்கு சமம், 36% எங்க 10% எங்க. மொத்தத்தை 6ஆ வகுத்து அந்தத் தொகையை மாசாமாசம் கட்ட முடியுமான்னு பாருங்க, முடியலைன்னா 7வது மாசம் என்ன வட்டின்னு கேட்டுட்டு கையெழுத்து போடுங்க.

கேள்வி: கேக்காமலே லிமிட்டை 50,000ல இருந்து 1,00,000 ஆக்கறோம்னு மெசேஜ் வந்திருக்கு. ஓகே சொல்லட்டுமா? ஸ்கோர் ஏறும்னு ஃப்ரெண்ட் சொல்றான்.

பதில்: ஃப்ரெண்ட் சொல்றதுல விஷயம் இருக்கு தம்பி. லிமிட்ல எவ்வளவு பங்கு பயன்படுத்தறீங்கன்னு ஸ்கோர் போடறவங்க பாப்பாங்க. 50,000 லிமிட்ல 20,000 செலவுன்னா 40%, லிமிட் 1,00,000 ஆனா அதே செலவு 20%, கம்மியா இருந்தா ஸ்கோருக்கு நல்லது. ஆனா லிமிட் ஏறினதும் செலவும் ஏறிடுச்சுன்னா அதே 40%, கடன் மட்டும் டபுள். அதனால பில்லை முழுசா கட்டறீங்கன்னா ஓகே சொல்லுங்க, ஏற்கனவே பாக்கி ஓடுதுன்னா தயவுசெஞ்சு வேண்டாம், பேங்க் ஏத்தறது லிமிட்டைத்தான், உங்க சம்பளத்தை இல்ல. பேங்க் தானா ஏத்தினா ஸ்கோர்ல பெரும்பாலும் கை வைக்காது, நீங்களா அப்ளை பண்ணினா சில இடத்துல அதுக்குன்னு உங்க கிரெடிட் ரிப்போர்ட் எடுத்துப் பாப்பாங்க, அதனால ஸ்கோர் கொஞ்ச நாளைக்கு லேசா இறங்கலாம், வீட்டுக் கடன் மாதிரி பெருசா ஏதாவது கேக்கப் போற நேரத்துல இதை வச்சுக்காதீங்க. பழைய கார்டு எதையாவது க்ளோஸ் பண்ற யோசனை இருந்தா அதையும் தள்ளிப் போடுங்க, மொத்த லிமிட் குறைஞ்சு பர்சன்ட் ஏறிடும். லிமிட் ஏறின கையோட ஆப்ல போய் ஆன்லைன் செலவுக்குன்னு தனியா ஒரு வரம்பு வைக்க முடியுதான்னு பாத்து குறைச்சு வைங்க, கார்டு விவரம் யார் கையிலயாவது சிக்கினா மொத்த 1,00,000மும் போகாது.